கூட்டுக்குடும்பத்து எண்ணெய்

கேள்வி: செம்பனையில் பிழிவதும் கச்சா எண்ணெய், பூமியில் எடுப்பதும் கச்சா எண்ணெய். இரண்டும் பங்காளிகளா?
– ஒரு வாசகர், சுங்கை பஞ்சாங்

பதில்: செம்பனை எண்ணெய் அளவான குடும்பம்: ஒரு கிளிசரால், அதைப் பிடித்துக்கொண்டு மூன்று கொழுப்பு அமிலங்கள். பூமியின் கனத்த கச்சா எண்ணெயோ கூட்டுக்குடும்பம். அதில் பெரிய தலைக்கட்டு அஸ்பால்ட்டீன்: பென்சீன் வளையங்கள் ஒட்டிய தட்டுகள், இடையிடையே கந்தகமும் நைட்ரஜனும். டொலுவீனில் கரைவார், ஹெப்டேனைக் கண்டால் முறுக்கிக்கொண்டு அடியில் உட்கார்ந்துவிடுவார். அவரைச் சமாதானப்படுத்தி மிதக்க வைப்பவை பிசின்கள். வெயிலில் உங்கள் சிலிப்பரைப் பிடித்து இழுக்கும் தாரிலும் இவர்கள்தான் இருக்கிறார்கள்.

ஒரு தூரத்து உறவு உண்டு. 1934இல் வேதியியலாளர் ஆல்ஃபிரட் டிரைப்ஸ் பெட்ரோலியத்தில் போர்ஃபிரின்களைக் கண்டார்; பச்சையத்தின் மிச்சம், நடுவில் மக்னீசியத்துக்குப் பதில் வனேடியம். கறுத்த தாரும் ஒரு காலத்தில் பச்சைதான்!