சேவல் பாக்கி

திருவிருந்து ஆராதனையில் எனக்குப் பயமான இடம் ஒன்று உண்டு. பிரசங்கம் இல்லை, அதைக் கண்ணை மூடிக் கடந்துவிடலாம். சமாதானம் கொடுக்கிறார்களே, அந்த இடம். பீடத்தில் ஆயர் தொடங்கிவைக்க, அது கைமாறிக் கைமாறி பெஞ்ச் பெஞ்சாகப் பின்னால் வரும். கேரளத்துச் சுரியானிச் சபைகளின் பழைய வழக்கம். தென்னிந்தியத் திருச்சபை 1950இல் கொண்டுவந்த திருவிருந்து முறையில் சேர்த்துக்கொண்டது. வலது உள்ளங்கையை எதிரே நிற்பவரின் வலது உள்ளங்கையோடு சேர்த்து, இருவரும் இடது கையால் மேலே மூடவேண்டும். வெறும் கைகுலுக்கல் என்றால் எங்கோ பார்த்துக்கொண்டே முடித்துவிடலாம். நான்கு கையும் மாட்டிக்கொண்டால் முகத்தைப் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

நான் பார்க்க விரும்பாத முகம் ஓர் அண்ணாச்சியுடையது. நாசரேத் பக்கத்துக்காரர், இப்போது சேலையூர்வாசி. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் மைக்கும் அவர் கையில்தான், கணக்கு நோட்டும் அவர் கையில்தான். ஒரு பலாப்பழத்துக்கு நான் உற்சாகமாக விலையை ஏற்றிக்கொண்டே போனபோது, “தம்பி, போன வருசத்துச் சேவலுக்கே இன்னும் ரூவா வரலியே!” என்றார், மைக்கில். பந்தலே சிரித்தது. என் மனைவி கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள்.

அவர் சொன்னது உண்மை. ஏலத்தில் கேட்பது கௌரவம், கட்டுவது அப்புறம் என்ற கொள்கை என்னுடையது. ஆனால் உண்மையை மைக்கில் சொல்லலாமா?

இப்படிப்பட்ட மனஸ்தாபத்துக்கு மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் வழி இருக்கிறது. முதலில் அவரிடம் தனியே பேசு. கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ. அதற்கும் மசியாவிட்டால் சபைக்குச் சொல். நான் கடைசியிலிருந்து தொடங்கினேன். ஆராதனை முடிந்து டீ குடிக்கும் நேரத்திலேயே சபையில் முக்கால்வாசிப் பேருக்குச் சொல்லிவிட்டேன். பிறகு நியாயம் பேச இரண்டு பேரைச் சேர்த்தேன். கேம்ப் ரோடு டீக்கடையோடு அது நின்றுவிட்டது. தனியே பேசுவது மட்டும் பாக்கி.

பெஞ்சை மாற்றினேன். முன்வரிசையிலிருந்து தூணுக்குப் பின்னால். சமாதானம் நெருங்கும்போது காணிக்கைக் கவரைத் தேடி ஒவ்வொரு பையாகத் துழாவுவேன். நிமிர்வதற்குள் அது என்னைத் தாண்டிப் போயிருக்கும்.

இந்த நிலையில்தான் செப்டம்பர் 27, திருச்சபை உருவான நாளில், நான் பேசவேண்டும் என்றார் ஆயர். பிரிந்து கிடந்த ஆங்கிலிக்கன் சபையாரும், பிரெஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் வழியினர் இணைந்திருந்த சபையாரும் 1919இல் தரங்கம்பாடியில் ஒன்றாகப் பேச உட்கார்ந்ததையும், பிறகு மெதடிஸ்ட்களும் சேர்ந்துகொள்ள, பேராயர் வேண்டுமா வேண்டாமா, யார் யாருக்கு அபிஷேகம் செய்யலாம் என்று 28 வருடம் வாதாடி, 1947இல் சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஒன்றானதையும் விளக்கினேன். நம்ம தாம்பரத்தையும் விடவில்லை. 1938 டிசம்பரில் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் உலக மிஷனரி மாநாடு நடந்தபோது, சீனாவும் ஜப்பானும் போரில் இருந்தன. இரு நாட்டுப் பிரதிநிதிகளும் இங்கே வந்து ஒரே மாநாட்டில் உட்கார்ந்தார்கள் என்று குரலை ஏற்றினேன். முன்வரிசையில் அண்ணாச்சி தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். இறங்கியதும் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியேறி வண்டியை எடுத்துவிட்டேன்.

வீட்டுக்குப் போகிற வழியில் அந்த 28 வருடம் ஆறுதலாகக்கூட இருந்தது. நந்தியால் ஆங்கிலிக்கர்கள் சேராமல் ஒதுங்கியிருந்து 1975இல்தானே வந்தார்கள். அது இன்னொரு 28. எனக்கு என்ன அவசரம்?

ஒருநாள் அவரே தூணைச் சுற்றி வந்து கையை நீட்டினார். நான்கு கையும் மாட்டிக்கொண்டது. “பரவாயில்லை அண்ணாச்சி, நான் எதையும் மனசுல வச்சுக்கல” என்றேன், பெருந்தன்மையாக. கடன்காரன் நான். அவரை மன்னிக்கவே அத்தனை மாதம் தயாராகிக்கொண்டிருந்தேன். சேவலுக்குப் பணம் எடுத்துவைக்கத் தோன்றவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் என் கையை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனார்.

அது உறுத்தியது. அடுத்த ஞாயிறு சேவல் பணத்தைக் கவரில் வைத்து, பெயர் எழுதாமல் காணிக்கைப் பையில் போட்டுவிட்டேன். அவரிடம் நேரே நீட்டினால் ஏதாவது சொல்வாரே என்ற பயம். அது பொதுக் காணிக்கையில் போய்ச் சேர்ந்தது. ஏல நோட்டில் என் பெயருக்கு நேரே பாக்கி அப்படியே நிற்கிறது. இந்த வருட அறுப்பின் பண்டிகைக்கு முன்னால் பாக்கிப் பட்டியலை வாசிக்கப்போகிறார்களாம். கட்டிவிட்டேன் என்று நிரூபிக்க அண்ணாச்சியிடம்தான் போகவேண்டும். தனியே.