இரண்டாவது துப்பாக்கி: மாமாவுக்கு ஒரு விளக்க அறிக்கை

சான் ஆஞ்சலோ, டெக்சஸ்.

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நீங்களும் அத்தையும் கன்னி ஆடுகளும் நலம்தானே?

உங்கள் குரல் செய்தி வந்தது. "ஏற்கெனவே ஒரு துப்பாக்கி கைவசமிருக்க, இரண்டாவது வாங்கியதன் அவசியம் குறித்து உரிய விளக்கம் தேவை." ஓய்வு பெற்றது நீங்கள் மட்டும்தான், உங்கள் தாசில்தார் தமிழ் இன்னும் பணியில்தான் இருக்கிறது. தகவல் உங்களுக்கு எப்படி வந்தது என்று நான் விசாரிக்கப் போவதில்லை. சந்தேகத்துக்கு உரியவர் ஒருவர்தான். அவர் இப்போது எனக்கு எதிரே உட்கார்ந்து இந்த மாதத்துக் கிரெடிட் கார்டு கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பேச்சில் அடங்காத விஷயம் என்பதால் எழுதியே அனுப்புகிறேன். கோப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் இடம். நீங்கள் இங்கே வந்தால் நிலத்தைப் பார்த்து ஏமாந்து போவீர்கள். கண்ணுக்கு எட்டிய மட்டும் முள். நம் பக்கம் சீமைக்கருவேலம் என்று சபிக்கிறோமே, அதன் பங்காளி. இங்கே மெஸ்கீட் என்கிறார்கள். நம்மூருக்கு அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட விருந்தாளி, இங்கே மண்ணின் மைந்தன். திட்டு இரண்டு ஊரிலும் ஒன்றுதான். அதன் விறகில் இறைச்சி வாட்டினால் மணக்கும் என்பதால் இங்கே திட்டிவிட்டுக் கொஞ்சம் மரியாதையும் தருகிறார்கள்.

முள் இருக்கும் இடத்தில் ஆடு இருக்கும் என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த நாட்டில் ஆடு அதிகம் உள்ள மாநிலம் டெக்சஸ்தான். எங்கள் ஊர் ஆட்டுச் சந்தையின் பெயர் நாடு முழுக்கத் தெரியும். நாங்கள் வளர்ப்பது போயர் இனம். தென்னாப்பிரிக்காவில் உருவாகி 1993-இல் இங்கே வந்து சேர்ந்தது. எனக்கு முன்னால் குடியேறிய காரணத்தாலோ என்னவோ, நிலத்துப் பட்டா தன் பெயரில் இருப்பதாகவே நடந்துகொள்கிறது.

இனி எதிர் மனுதாரர். அவர் பெயர் கயோட்டி. நரியுமல்ல, ஓநாயுமல்ல. நம்மூர் நாட்டு நாய் அளவு, எடை 15 கிலோவைச் சுற்றி இருக்கும். பார்ப்பதற்குப் பாதி ரோமம், மீதி மூளை. ஓநாயை இந்த நாட்டார் பொறி வைத்தும் விஷம் வைத்தும் ஏறக்குறைய ஒழித்தார்கள். அதே மருந்தைக் கயோட்டிக்கும் கொடுத்தார்கள். அது பெருகியது! மேற்கே இருந்தது, இன்று சிகாகோ நகரத்துக்குள் குடும்பம் நடத்துகிறது. குட்டி ஈனும் பருவத்தில் ராத்திரி மேட்டிலிருந்து ஊளை கேட்டால் உங்கள் மகள் என்னை எழுப்புவாள். நான் எழுந்து டார்ச் அடிப்பேன். மறுநாள் காலை எண்ணிக்கையில் ஒரு குட்டி குறையும்.

'அதற்குத்தான் முதல் துப்பாக்கி இருக்கிறதே' என்பீர்கள். இருக்கிறது. அது .30-06 ரகம். பெயரின் பின்பாதி 1906-ஐக் குறிக்கிறது. அமெரிக்க ராணுவத்துக்காக அந்த வருடம் வந்த தோட்டா. மான் வேட்டைக்கு உத்தமம். அதன் குண்டு பத்து கிராமுக்குச் சற்றுக் குறைவு, அதாவது ஒன்றே கால் பவுன். அத்தையிடம் பவுனில் சொன்னால்தான் விளங்கும். அதைச் சுட்டால் எதிரே இருப்பதற்கு என்ன ஆகுமோ, பின்னால் இருக்கிற என் தோள்பட்டைக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. கயோட்டி மீது அதைப் பிரயோகிப்பது அளவுக்கு மீறிய நடவடிக்கை. தவிர, ஒரு தோட்டா ஒன்றரை டாலரை ஒட்டி வருகிறது. ஒவ்வொரு முறை விசையை இழுக்கும்போதும் மனசு அதை ரூபாயில் பெருக்குகிறது. பெருக்குகிற கை நடுங்கும்; நடுங்குகிற கை குறி தவறும். ஆகவே பயிற்சிக்கு மலிவாகவும், கயோட்டிக்குப் போதுமானதாகவும், தோளுக்கு இதமாகவும் ஒன்று தேவைப்பட்டது.

பக்கத்துப் பண்ணைப் பெரியவரிடம் யோசனை கேட்டேன். பிறந்ததிலிருந்து ஆடும் கயோட்டியுமாக வாழ்ந்தவர். ஒரு நாளைக்கு இத்தனை வார்த்தை என்று ரேஷன் வைத்துப் பேசுவார். "எவ்வளவு சுடப் போகிறாய்?" என்று மட்டும் கேட்டார். துப்பாக்கி எவ்வளவு விலை என்று அவர் கேட்கவில்லை. அதன் அர்த்தம் எனக்குக் கடைக்குப் போன பிறகுதான் புரிந்தது.

கடையில் இந்த வேலைக்கென்று தோட்டாக்கள் வரிசை கட்டி நிற்கின்றன. .22-250 ரெமிங்டன் என்று ஒன்று. மூன்றரை கிராம் குண்டை நொடிக்கு 3,600 அடிக்கு மேல் விரட்டும். சத்தத்தைவிட மூன்று மடங்கு வேகம். கயோட்டிக்காரர்கள் அதன் பெயரைச் சொல்லும்போதே கண் சொக்குவார்கள். ஆனால் அந்த வேகத்துக்கு எரிகிற மருந்து குழலையும் சீக்கிரம் தின்கிறது. அடுத்தது .243 வின்செஸ்டர், 1955-இல் வந்தது. கயோட்டி, மான் இரண்டுக்கும் ஆகும். ஒரே துப்பாக்கியோடு வாழ உறுதி பூண்டவர்களுக்கு அதுதான் பொருத்தம். எனக்கு மானுக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது. மூன்றாவது .223 ரெமிங்டன். அதே மூன்றரை கிராம் குண்டு, நொடிக்குச் சுமார் 3,200 அடி. உதை ஏறக்குறைய இல்லை. குழல் பல்லாயிரம் தோட்டா தாங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, பயிற்சித் தோட்டா ஒன்று அரை டாலரை ஒட்டிக் கிடைக்கிறது. பெரியவர் கேட்ட கேள்விக்கு இதுதான் விடை. கயோட்டி இருநூறு கஜத்தில் நிற்கும்போது உதவுவது அந்தக் கூடுதல் நானூறு அடி வேகமல்ல, போன மாதம் சுட்டுப் பழகிய கை.

இதே .223-ஐச் சுடும் ஏ.ஆர்-15 ரகம் இங்கே சர்வ சாதாரணம். கடைக்காரர் அதைத்தான் முதலில் நீட்டினார். உங்கள் மகள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். 2022-இல் இதே டெக்சஸில், யுவால்டி பள்ளிக்கூடத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டை அவள் மறக்கவில்லை. அந்த உருவம் வீட்டுக்குள் வரக்கூடாது என்பது தீர்ப்பு. மேல்முறையீட்டுக்கு நானும் போகவில்லை. ஒவ்வொரு முறையும் கையால் தாழ்ப்பாள் இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன்தான் என்று முடிவானது. வாங்குவதற்கு முன்பே பூட்டுகிற இரும்புப் பெட்டியும் வீட்டுக்கு வந்துவிட்டது. சாவி யாரிடம் என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

அடுத்து, குழலுக்குள் இருக்கும் புரி. இதைப் பலரும் கவனிக்காமல் விடுகிறார்கள். குண்டு சுழன்றபடி போனால்தான் நேராகப் போகும்; அதைச் சுழற்றி விடுவது இந்தப் புரிதான். பம்பரத்தை நினைத்துக்கொள்ளுங்கள், குட்டைப் பம்பரம் மெதுவாகச் சுற்றினாலும் நிற்கும், நெட்டைப் பம்பரத்துக்கு வேகம் வேண்டும். பழைய .223 குழல்களில் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. சின்னக் குண்டுக்கு அது போதும். தூரத்து இலக்குக்கான நீளமான, கனமான குண்டு அதில் தலைகுப்புற விழும். 8 அல்லது 9 அங்குலத்துக்கு ஒரு சுற்று இருந்தால் கயோட்டிக் குண்டும் சரி, இலக்குக் குண்டும் சரி, இரண்டும் நேராகப் போகும். இந்த ஞானத்தோடு கடையில் நான் குழலைப் பற்றி விசாரித்தபோது கடைக்காரர் என்னை முதல் தடவையாக 'சார்' என்றார்.

விலைக்கு வருகிறேன். நானூறு டாலரிலிருந்து அறுநூறுக்குள் நாலைந்து பெயர்கள். சாவேஜ் ஆக்சிஸ் எல்லோரிலும் சிக்கனம். மாஸ்பர்க் பேட்ரியட் பார்வைக்கு லட்சணம். அந்தக் கம்பெனிக்கு எங்கள் மாநிலத்து ஈகிள் பாஸில் தொழிற்சாலை உண்டு என்பதால் உள்ளூர்ப் பாசம் வேறு. ரூகர் அமெரிக்கன் 2012-இல் வந்தது. அதில் 'பிரடேட்டர்' என்றே ஒரு வகை, சற்றுக் கனத்த குழலோடு, 8 அங்குலப் புரியோடு. இன்னும் இருநூறு முந்நூறு டாலர் சேர்த்தால் பின்லாந்துத் தயாரிப்பான டிக்கா. அதன் போல்ட்டை ஒரு தரம் இழுத்துப் பார்த்தேன். எண்ணெயில் நழுவுகிற மாதிரி போனது. உடனே கீழே வைத்துவிட்டேன். சில சாமான்களைத் தொட்டுப் பார்க்கவே கூடாது.

இன்றைக்கு மலிவுத் துப்பாக்கியும் நூறு கஜத்தில் ஓரங்குல வட்டத்துக்குள் குண்டுகளைச் சேர்க்கும். அந்தக் காலத்தில் அதற்கு ஒரு கைவினைஞரைத் தேடிப் போக வேண்டும். இப்போது இயந்திரம் குழலைச் சுத்தமாகக் கடைந்து தருகிறது. மிச்சம் பிடிப்பது வெளியேதான்: வாதுமைக் கட்டைக்குப் பதில் பிளாஸ்டிக் கட்டை, பளபளப்புக்குப் பதில் மங்கல். கட்டை குழலைத் தொடாமல் இருக்கிறதா என்று ஒரு டாலர் நோட்டை இடையில் விட்டு இழுத்துப் பார்க்க வேண்டும். நோட்டு தடையில்லாமல் போனால் குழல் சுதந்திரமாக இருக்கிறது என்று பொருள். அதன்பின் மற்ற நோட்டுகளும் தடையில்லாமல் போகும். ரூகர் பிரடேட்டரை எடுத்தேன்.

வீட்டில் கணக்கை இப்படி வைத்தேன். வருடத்துக்கு ஆயிரம் தோட்டா பயிற்சி. .30-06-இல் 1,500 டாலர். .223-இல் 500 டாலர். மிச்சம் ஆயிரம். துப்பாக்கி விலையோ ஐந்நூற்றுச் சொச்சம். ஆகவே இரண்டாவது துப்பாக்கி இலவசம், மேலே கையில் காசும் நிற்கிறது. உங்கள் மகள் பேனாவை வைத்துவிட்டு, "சுடாமலே இருந்தால் 1,500-ம் மிச்சமாகுமே" என்றாள். கணக்குப் புத்தி எந்தப் பக்கத்து ரத்தம் என்று உங்களுக்குத் தெரியும்.

அவள் சொன்னதிலும் நியாயம் உண்டு. துப்பாக்கியை மட்டும் வைத்துக்கொண்டு சுட்டுவிட முடியாது. துப்பாக்கிக்குச் செலவழிப்பதில் குறைந்தது பாதியாவது ஸ்கோப் என்கிற குறிபார்க்கும் தொலைநோக்கிக்கு வேண்டும் என்பது இங்குள்ள சம்பிரதாயம். அதைப் பிடிக்க வளையம், காதுக்கு மூடி, முன்னால் ஊன்ற இரட்டைக் கால், இதற்கெல்லாம் 8.25 சதவீத வரி. இந்த இனங்களைத் தாங்கள் தணிக்கையின்போது கண்டுகொள்ள வேண்டாம்.

இனி நடைமுறை. நம்மூரில் ஒருவர் பயிர்ப் பாதுகாப்புக்கென்று துப்பாக்கி உரிமம் கேட்டால் போலீஸ் அறிக்கை, வருவாய்த் துறை அறிக்கை, கலெக்டர் ஆபீஸ் என்று கோப்பு நடக்கும் நடை உங்களுக்கே தெரியும். கிடைத்தாலும் தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு இரண்டுக்கு மேல் வைத்துக்கொள்ளவும் முடியாது. நரியைச் சுட்டாலோ 1972 வனவிலங்குச் சட்டம் உள்ளே தள்ளும். இங்கே கயோட்டிக்குச் சீசன் இல்லை, எண்ணிக்கை வரம்பு இல்லை. ஆட்டைப் பிடிக்க வருவதைச் சுடும் நிலத்துக்காரருக்கு வேட்டை லைசென்ஸ்கூட வேண்டாம். வேலை விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்கிறது மத்தியச் சட்டம்; வேட்டை லைசென்ஸ் இருந்தால் வைத்திருக்கலாம் என்கிறதும் அதே சட்டம்தான். நல்ல வேளை, எனக்குப் பச்சை அட்டை வந்துவிட்டது.

ஆனாலும் படிவம் உண்டு, மாமா. 4473 என்று எண். நீங்கள் பார்த்தால் பரவசப்படுவீர்கள். உயரம், எடை, பிறந்த ஊர் எல்லாம் கேட்கிறது. 'நீர் நீதிக்குத் தப்பி ஓடுபவரா?' என்று கேட்டு ஆம், இல்லை என்று இரண்டு கட்டம் வைத்திருக்கிறார்கள். 'ஆம்' கட்டத்தை யாருக்காக அச்சடித்தார்களோ! என்னை நிறுத்தியது அதுவல்ல, பெயர்க் கட்டம்தான். நடுப்பெயர் இல்லாதவர் 'என்.எம்.என்.' என்று எழுத வேண்டும். வெறும் இனிஷியல் மட்டும் உள்ளவர் அதன் பக்கத்தில் 'ஐ.ஓ.' போட வேண்டும். இனிஷியலோடு பிறந்து வளர்ந்த நமக்காகவே வாஷிங்டனில் யாரோ ஒரு புண்ணியவான் யோசித்திருக்கிறார். நான் இரண்டுக்கும் நடுவில் தவித்து, பேனாவை எடுத்து எடுத்து வைத்ததைப் பார்த்துக் கடைக்காரருக்கு, தப்பி ஓடுகிற கேள்வியில்தான் யோசிக்கிறேன் என்று சந்தேகம் வந்துவிட்டது. பிறகு எஃப்.பி.ஐ-க்குத் தகவல் போனது. சில நிமிடங்களில் 'தொடரலாம்' என்று பதில். நம்மூரில் சாதிச் சான்றிதழ்கூட இவ்வளவு சீக்கிரம் வராது. இதை உங்கள் பணிக்காலத்தை வைத்துச் சொல்லவில்லை.

துப்பாக்கி வந்தது. முந்நூறு கஜத்தில் ஓர் எஃகுத் தட்டைத் தொங்கவிட்டுச் சுடுகிறேன். விசையை இழுத்து ஒரு நொடி கழித்து, பட்டிருந்தால் 'டங்' என்று மணி கேட்கும்; படாவிட்டால் கேட்காது. இவ்வளவு நேர்மையாக வேறு யாரும் என்னிடம் பேசுவதில்லை. இலக்குப் பயிற்சியில் நான் தேறிவிட்டேன்.

கயோட்டிதான் பயிற்சிக்கு ஒத்துழைக்கவில்லை. அதை வரவழைக்க, அடிபட்ட முயல் கத்துவது போல ஒலிக்கும் ஒரு ஸ்பீக்கரைப் புதரில் வைக்கிறார்கள். போன ஞாயிறு அத்தை வீடியோ காலில் "யார் பிள்ளை அழுகிறது?" என்று பதறினார்களே, அது இதுதான். மெஸ்கீட் நிழலில் அசையாமல் உட்கார்ந்திருந்தால் கயோட்டி வரும், நேராக அல்ல; காற்றுக்குக் கீழ்ப்பக்கமாகச் சுற்றி வந்து மோப்பம் பிடிக்கும். பெரியவர் உட்கார்ந்தால் முன்னால் வந்து நிற்கிறது. நான் உட்கார்ந்தால் சாம்பார்ப் பொடி வாசனை முன்னே போய் அறிவிப்புக் கொடுத்துவிடுகிறது. இதுவரை அதற்கும் எனக்கும் உள்ள தொடர்பு, தூரத்தில் ஒரு வால் மட்டும்.

இதற்கிடையில் உங்கள் மகள் சத்தமில்லாமல் ஒரு கழுதை வாங்கி ஆடுகளோடு விட்டுவிட்டாள். டெக்சஸ் ஆட்டுக்காரர்களின் பழைய வழக்கம் அது. கழுதைக்கு நாய்ச் சாதியையே ஆகாது. கிட்டே வந்தால் காதை மடக்கித் துரத்தி உதைக்கும். அது வந்ததிலிருந்து குட்டி எண்ணிக்கை குறையவில்லை. ராத்திரி ஊளை கேட்டால் இப்போது யாரும் என்னை எழுப்புவதில்லை.

இரண்டாவது துப்பாக்கியின் அவசியம் தங்களுக்கு இப்போது தெளிவாகியிருக்கும் என்று நம்புகிறேன். அத்தையிடம் விலையைச் சொல்ல நேர்ந்தால் டாலரிலேயே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்

பி.கு.: கழுதைக்கு யாரும் படிவம் கேட்கவில்லை. உங்கள் மகள் தன் இனிஷியலைக்கூடச் சொல்லாமல் கயிற்றைப் பிடித்து அழைத்து வந்துவிட்டாள்.