காபந்து அண்ணாச்சி

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகிற பஸ்ஸில் தேவர்குளம் தாண்டி, காற்றாலைகளை எண்ணி எண்ணி அலுத்துப் போகிற நேரத்தில் பனவடலிசத்திரம் வரும். இறங்கினால் அண்ணாச்சி வீட்டுக்கு யாரிடமும் வழி கேட்க வேண்டாம். கேட்டில் ஒரு பூட்டு, பூட்டில் மழை படாதிருக்க சைக்கிள் டியூபை வெட்டி ஒரு மூடி, மூடி தொலையாதிருக்க ஒரு சங்கிலி. அந்த வீடுதான்.

இந்த ஜாதிக்காரர் ஊருக்கு ஒருவர் உண்டு. டிவி ரிமோட்டைப் பாலித்தீன் பையோடு அமுக்குவார். பைக் வாங்கி ஆறு வருஷமானாலும் டேங்கில் கம்பெனி ஸ்டிக்கர் உரியாது. எங்கள் அண்ணாச்சி ஒரு படி மேலே. ரேஷனுக்கு ஸ்மார்ட் கார்டு வந்ததும் அதைக் கொண்டுபோய் லேமினேஷன் போடக் கொடுத்தவர். அவருடைய செல்போன் கண்ணாடி, கவர், பை, அந்தப் பைக்கு ஜிப் என்று கர்ப்பக்கிரகத்தில் இருக்கும். மணி அடித்தால் நடை திறப்பதற்குள் அழைப்பு நின்றுவிடும். யாரும் அவரிடம் பேசியதில்லை. அவர்தான் எல்லாரையும் திருப்பிக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார்.

இப்பேர்ப்பட்ட வீட்டுக்கு ஒரு ரிமோட் லாரி வந்து சேர்ந்தது. வளைகுடாவில் இருக்கிற மச்சினர் தன் மகனுக்கு வாங்கி வந்தது. நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவு, 7.4 வோல்ட் பேட்டரி, கை அகலத்துக்குப் பல்லுப்பல்லாய் டயர். பையன் முதல் நாளே அதைத் திண்ணையிலிருந்து தெருவுக்குப் பாய விட்டான். மூன்று குட்டிக்கரணம் போட்டு, நான்கு காலில் நின்று, தன் பாட்டுக்கு ஓடியது. அண்ணாச்சிதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“ஏல, தலைக்கு மேல ஒண்ணுமே இல்லியேல! விழுந்தா என்னத்துக்கு ஆகும்?”

“மாமா, அது பாலிகார்பனேட். வளைஞ்சு நிமிந்துக்கிடும்.”

“வளைஞ்சு நிமிர அதென்ன நாணலா?”

மறுநாள் காலை என்னைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, நம்ம ஊருப் பேரையே எடுத்துக்கிடுங்க. வடலின்னா என்ன? இளம்பனை. அதுக்கு ஆண்டவன் என்ன குடுத்திருக்கான்? ரெண்டு பக்கமும் ரம்பமாட்டம் கருக்கு. ஆடு வாய் வைக்க முடியுமா? வடலிக்கே காபந்து வேணும்னா வண்டிக்கு வேண்டாமா?” எனக்குப் பதில் தோன்றவில்லை. இன்றுவரை தோன்றவில்லை.

லாரியின் தலைக்கு மேல் கூண்டு கட்டுகிற வேலை தொடங்கியது. முதலில் பழைய சைக்கிளின் ஸ்போக்ஸ் கம்பி. 2 மி.மீ. கனம், பார்வைக்கு நேர்த்தி. வளைத்தால் வில்லாய்த் தெறித்துத் திரும்பும். ஒன்று அவர் மூக்குக்கண்ணாடியில் பட்டது. (கண்ணாடிக்கு ஏற்கெனவே காபந்து இருந்ததால் சேதமில்லை.) அடுத்து வேலி கட்டி மிஞ்சிய ஜி.ஐ. கம்பி. அதைச் சோடா பாட்டிலில் சுற்றி வளைத்து, ரேடியோ ரிப்பேருக்கு வைத்திருந்த ஈயத்தை உருக்கி ஒட்டிப் பார்த்தார். ஒட்டின மாதிரிதான் இருந்தது. எடுத்துத் தூக்கியதும் கூண்டு எட்டுத் துண்டாய் மடியில் விழுந்தது. வெல்டிங் பட்டறையில் கேட்டதற்கு, “இந்தக் கம்பியில ராடை வச்சா கம்பியே இருக்காது அண்ணாச்சி, ஓட்டைதான் இருக்கும்” என்றார்கள்.

கடைசியில் போனது தங்க ஆசாரியிடம். ஆசாரி கூண்டுத் துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தாலிக்குப் பத்து வைக்கிற கை அண்ணாச்சி இது” என்றார். ஆனாலும் தொழில்காரனுக்கு ஆசை விடாதே. உப்புத்தாளைக் கொடுத்து ஒவ்வொரு கம்பி முனையிலும் துத்தநாகப் பூச்சைத் தேய்த்தெடுக்கச் சொன்னார். சூட்டில் அது புகைந்து நெஞ்சுக்குள் போனால் ராத்திரி காய்ச்சல் அடிக்கும். பிறகு வெங்காரம் தடவி, பித்தளைப் பொடி வைத்து, நெருப்பை ஊதினார். மூட்டு ஒவ்வொன்றும் சிவந்து, பித்தளை தண்ணீராய் ஓடி இடுக்கில் புகுந்து உட்கார்ந்தது. பொடி வைத்துப் பேசுகிறவர்களைத் தினமும் பார்க்கிறோம். பொடி வைத்து ஊதுவதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பேச்சைவிட இது உறுதி.

இதற்கிடையில் பஸ் ஸ்டாப்பில் ஓர் எஞ்சினியரிங் மாணவன் அகப்பட்டான். மாணவர்களே வண்டி கட்டி ஓட்டுகிற பாஹா போட்டி நம் நாட்டில் 2007 முதல் நடக்கிறது. அதற்காகக் கல்லூரியில் குழாய் வளைத்த பையன் அவன். பந்தயக் காரில் கூண்டு விளையாட்டுக் காரியமில்லை என்று விளக்கினான். உலக விதிப்படி முக்கிய வளைவுக்கு 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. கனமும் கொண்ட இணைப்பில்லாத எஃகுக் குழாய். அதைவிட முக்கியம், குழாயின் பாதம் உட்காருகிற இடத்தில் 3 மி.மீ. தகடு வைத்துப் பலப்படுத்த வேண்டும், இல்லையென்றால் அடி முழுக்கப் பாதத்தில் இறங்கி அடித்தளத்தைக் கிழித்துவிடும் என்றான். இவ்வளவிலும் அண்ணாச்சி காதில் விழுந்தது ‘கனம்’ என்ற ஒரு சொல்தான். அன்று சாயங்காலமே மேலே குறுக்கில் இன்னும் நாலு கம்பி ஏறியது.

பலசரக்குக் கடைத் தராசில் நிறுத்தோம். லாரி 1 கிலோ 600 கிராம். கூண்டு 900.

ஓட்ட நாள் குறித்தார்கள். தெருவே கூடியது. லாரி புறப்பட்டது, புதுப்பெண்ணாட்டம் மெதுவாக. கோயில் முக்கில் பையன் இடது பக்கம் ஒடித்தான், கவிழ்ந்தது. நிமிர்த்தினான். வலது பக்கம் ஒடித்தான், கவிழ்ந்தது. வேறென்ன செய்யும்? தன் எடையில் பாதிக்கு மேல் தலையில் ஏற்றிவிட்டால் ஈர்ப்பு மையம் மேலே போய்விடும். வைக்கோல் லாரி திரும்புவதைப் பார்த்த எவருக்கும் இது தெரியும். அண்ணாச்சி முகத்திலோ தேர் நிலைக்கு வந்த திருப்தி.

“பாத்தியளா தம்பி, எத்தனை தரம் கவுந்துட்டு! கூண்டு மட்டும் இல்லேன்னா என்ன ஆயிருக்கும்?”

இந்தத் தர்க்கத்தை உடைக்க நானும் முயன்றேன். கார்களின் முன்னால் போடுகிற பம்பர் கம்பியை 2017 டிசம்பரில் மத்திய அரசு கழற்றச் சொன்னதை எடுத்துச் சொன்னேன். மோதினால் காரின் மூக்கு நசுங்கித்தான் அடியை வாங்க வேண்டும். நடுவில் கம்பி நின்றால் நசுங்க வேண்டியது நசுங்காது, அடி நேரே உள்ளே போகும், காற்றுப்பை விரிவதும் தடுமாறும் என்றேன். பொறுமையாகக் கேட்டார். “அது கவர்மெண்டு கம்பிக்குத் தம்பி. நம்மது ஆசாரி பத்து வச்சது.”

மூன்றாம் நாள் மாணவன் சொன்னது நடந்தது. திண்ணையிலிருந்து விழுந்த லாரியில் கூண்டுக்கு ஒரு கீறல் இல்லை. கூண்டைத் தாங்கிய நாலு பிளாஸ்டிக் ஸ்குரூக் காலும் வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டன. அதற்கு முந்தின நாளே இன்னொரு கூத்து. ரிசீவரின் ஏரியல் ஒரு விரல் நீளக் கம்பி. கூண்டுக்கு நடுவில் அது ஆட்டுப்பட்டிக்குள் அகப்பட்ட குட்டி போல் நின்றதில், பத்தடி தாண்டினால் லாரி சொல்பேச்சுக் கேட்கவில்லை. ரிமோட்டைப் பையன் எவ்வளவு அமுக்கியும் ஓடையோரம் கரிசல் சகதியில் நின்றுவிட்டது. அண்ணாச்சி ரிமோட்டைத்தான் சந்தேகப்பட்டார். பாலித்தீன் பை போடாமல் வைத்திருந்தார்களாம்.

பையன் மாமாவிடம் வாதாடவில்லை. மத்தியானம் அவர் கண்ணயர்ந்த நேரம் கூண்டைக் கழற்றித் திண்ணையில் வைத்தான், பிய்ந்த கால்களுக்குப் பசை போட்டான், வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே காற்றாலைப் பக்கம் போனான். நானும் போனேன். பாறை மேலிருந்து பாய்ந்தது, புரண்டது, எழுந்தது, புழுதி பறக்கத் திரும்பி வந்தது. மேல்மூடியில் பத்துப் பன்னிரண்டு கீறல். அவ்வளவுதான்.

பொழுது சாயத் திரும்பினோம். அண்ணாச்சி திண்ணையில் கூண்டை மடியில் வைத்திருந்தார். கழற்றியதற்காகக் கோபப்படவில்லை. பக்கத்தில் ஒரு பழைய சைக்கிள் டியூப், கத்தரிக்கோல். டியூபை நாடா நாடாவாகக் கிழித்து ஒவ்வொரு கம்பியிலும் இடைவெளி தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தார்.

“என்ன அண்ணாச்சி, இது எதுக்கு?”

தலை நிமிரவில்லை. “கூண்டுக்குப் பெயிண்டு அடிச்சிருக்கேன்லா. உரிஞ்சிரக் கூடாதுல்லா.”