டி.சி. கொடுத்தால் தீருமா?

கேள்வி: பள்ளிப் பிள்ளைகளிடமும் போதை புழங்குகிறது. பையைச் சோதித்து, சிக்குகிறவனுக்கு டி.சி. கொடுத்து அனுப்பினால் என்ன?
– ஒரு வாசகர், எர்ணாவூர்

பதில்: டி.சி. வாங்கியவன் எங்கே போவான்? மாத்திரை விற்பவனிடம்தான், அங்கே அட்மிஷனுக்குச் சிபாரிசு தேவையில்லை. 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்பின்படி, தின்னர், பசை போன்றவற்றை முகரும் பழக்கம் பெரியவர்களிடம் 0.58 சதவீதம், 10 முதல் 17 வயதுக்குள் 1.17 சதவீதம். கடையில் மலிவாகக் கிடைப்பதுதான் பிள்ளைகள் கைக்கு எளிதில் எட்டுகிறது. ஆகவே பையைவிடக் கடையைச் சோதிப்பது முக்கியம்; டாக்டர் சீட்டில்லாமல் டேபென்டடால் என்ற வலிநிவாரணி மாத்திரையைத் தருகிற மருந்துக்கடையையும் சேர்த்துத்தான். 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 77-ஆம் பிரிவில், பிள்ளைகளுக்கு மதுவோ புகையிலையோ போதைப்பொருளோ கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவல் என்கிறது. சட்டம் தேடுவது கொடுத்தவனை; நாம் துரத்துவது வாங்கிய பிள்ளையை.

‘ஒருவனை விட்டுவைத்தால் வகுப்பே கெடுமே’ என்பீர்கள். நியாயமான பயம். ஆனால் டி.சி. என்றதும் கூட்டாளிகள் வாயை மூடிக்கொள்வார்கள். அடுத்தவன் இன்னும் ஆழமாக ஒளிவான். கண்டிப்பு வேண்டும், அது பள்ளிக்குள்ளேயே, சிகிச்சையோடு சேர்ந்து வேண்டும். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, கட்டணமில்லாதது. ஒவ்வொரு வகுப்புச் சுவரிலும் எழுதிவையுங்கள். ஐஸ்லாந்து நாடு பதின்வயதினரின் குடியைக் குறைத்ததில், மாலை நேர விளையாட்டுக்கும் இசைக்கும் பொதுப்பணம் செலவிட்டதற்குப் பெரிய பங்குண்டு. கால்பந்தும் கேரமும் குத்துச்சண்டையும் ஊறிய வடசென்னைக்கு இதில் வெளிநாட்டுப் பயிற்சி தேவையில்லை. பெற்றோர் ஷிப்டு முடிந்து திரும்பும்வரை பள்ளி மைதானத்தின் கேட்டைப் பூட்டாமல், ஒரு பயிற்சியாளரையும் சம்பளத்தோடு நிறுத்தச் சொல்லி உங்கள் கவுன்சிலரிடம் கேளுங்கள்.