விருந்தாளியின் கடிகாரம்

கேள்வி: ஒரே கணினிக்குள் லினக்ஸ் மெய்நிகர் கணினிகள் மூன்றை ஓட்டுகிறோம். மாலையில் நிறுத்திவைத்துக் காலையில் எழுப்பினால், அவை நேற்று மாலை நேரத்தையே காட்டுகின்றன. ஓர் இயந்திரத்துக்கு எத்தனை காலம்? – ஒரு வாசகர், அறந்தாங்கி

பதில்: உங்கள் புதுக்கோட்டைச் சூரியன், இந்திய நேரத்துக்குச் சராசரியாகச் சுமார் 15 நிமிஷம் பிந்தியே உச்சிக்கு வருகிறான்; ஆயினும், ரயில்கள் அனுசரித்துவந்த சென்னை நேரத்தை விடுத்து, 1906 ஜனவரி 1 முதல் தேசம் ஒரு பொது நேரத்துக்கு இணங்கிற்று. இணங்குவதற்கு, சொல்பவரும் வேண்டும், கேட்கும் மார்க்கமும் வேண்டும்.

மெய்நிகர் கணினிக்குள் ஓடும் உங்கள் விருந்தாளி இயங்குதளமோ தன்னைத் தனிக்கணினி என்றே பரிபூரணமாக நம்புவதாலும், மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் ஹைப்பர்வைசர் செயலியைப் பறித்து அயலாருக்கு அளிக்கும் க்ஷணங்களில் தான் மூர்ச்சையுற்றதையே அறியாததாலும், விழித்த கும்பகர்ணனைப் போல் விட்ட இடத்திலிருந்தே நாளைத் தொடங்குகிறது. லினக்ஸின் ஹைப்பர்வைசரான கேவிஎம் இதற்கு அழகியதோர் உபாயம் செய்திருக்கிறது: நேரத்தையும், அந்நேரத்தில் செயலியின் எண்ணி காட்டிய தொகையையும், பெருக்கவேண்டிய விகிதத்தையும் தானும் விருந்தாளியும் காணும் ஒரு நினைவகப் பக்கத்தில் அது எழுதிவைக்க, விருந்தாளி இப்போதைய தொகையைப் படித்து, வித்தியாசத்தைக் கணித்துக் கூட்டிக்கொள்கிறது.

இரவு முழுதும் நிறுத்திய கணினிக்கு இது போதாது. அதில் பிடிபி-கேவிஎம் என்னும் கர்னல் நிரற்கூறை ஏற்றி, நேரம் ஒத்திசைக்கும் குரோனி நிரல் நேராக வீட்டுக்காரராகிய மூலக் கணினியிடமே மணி கேட்கும்படி செய்யுங்கள். குரோனியின் மேக்ஸ்டெப் கட்டளையின் எல்லைக்கு -1 இட்டால், எப்போது எழுப்பினாலும் ஒரே தாவலில் திருத்திக்கொள்ளும். ஹைப்பர்வைசரின் வேறு துணைக்கருவி நேரம் திருத்திவந்தால், அந்தத் திருத்தத்தை மட்டும் நிறுத்திவிடுங்கள்; இருவர் ஒரே முள்ளை ஆளுக்கொரு பக்கம் இழுக்கக் கூடாது.