கிங்ஸ்டன் தெருவில் ஒரு சவப்பெட்டி

கே: ரெகே என்றாலே வெயில், கடற்கரை, கொண்டாட்டம்தானே? அதில் சோகம் எங்கிருந்து வந்தது?

ப: கடற்கரையெல்லாம் சுற்றுலா வந்தவர்களுக்கு. பாடியவர்களில் பலர் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரத்து ஏழைக் குடியிருப்புகளில் வளர்ந்தவர்கள். அவர்களுடைய முன்னோர் அடிமைக் கப்பலில் வந்து இறங்கியவர்கள். தாளம் ஆடக் கூப்பிடும், மெட்டு ஊர் திரும்ப ஏங்கும்.

கே: முதலில் எந்தப் பாட்டைக் கேட்கலாம்?

ப: அபிசீனியன்ஸ் குழுவின் 'சாட்டா மாசகானா'. மைனர் ஸ்கேலில் மூன்று ஆண் குரல்கள், ஜெபம் போல. 1969-ல் ஸ்டூடியோ ஒன் பதிவுக்கூடத்தில் பதிவானது. அதன் முதலாளி காக்ஸன் டாட் வெளியிடாமல் வைத்திருந்தார். பாடியவர்களே ஒலிநாடாவைக் காசு கொடுத்து வாங்கி 1971-ல் வெளியிட்டார்கள். நல்ல வேளை!

கே: பைத்தியம்தான் டிராம்போன் கலைஞர் டான் டிரம்மண்டை மேதையாக்கியதாமே?

ப: இல்லவே இல்லை. கன்னியாஸ்திரிகள் நடத்திய ஆல்ஃபா பள்ளியில் முறையாக டிராம்போன் கற்றவர் அவர். ரெகேவுக்கு முன்னால் வந்த ஸ்கா துள்ளுகிற இசை. ஸ்காட்டலைட்ஸ் குழுவில் அந்தத் துள்ளலின் மேலேயே துயரமான மைனர் மெட்டுகளை ஊதினார். அது உழைப்பில் வந்த கலை. நோய் அவரிடமிருந்து பறிக்கத்தான் செய்தது. 1965 புத்தாண்டையொட்டி, காதலி மார்கரிட்டாவைக் குத்திக் கொன்றார். 1969-ல் பெல்வியூ மனநல மருத்துவமனையில் இறந்தார். எழுதுகிறவர்கள் அவருக்காக உருகிவிட்டு மார்கரிட்டாவை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். மார்கரிட்டா பேர்பெற்ற நடனக்காரர், சொந்தப் பாட்டைப் பதிவு செய்தவர், கவுண்ட் ஓஸியின் ராஸ்டஃபாரி சமயத்து மேளக்காரர்களை நகரத்து மேடையில் ஏற்றியே தீருவேன் என்று நின்றவர். இழப்பு என்றால் இருவரையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கே: பேய்ப் பாட்டு ஏதாவது உண்டா?

ப: பாப் மார்லியின் வெய்லர்ஸ் குழு பாடிய 'மிஸ்டர் பிரவுன்', 1970. ஒரு சவப்பெட்டி தானாகத் தெருவில் ஓடுகிறது, மேலே பிணந்தின்னிப் பறவைகள் உட்கார்ந்திருக்கின்றன என்று கிங்ஸ்டனில் பரவிய வதந்திதான் பாட்டு. ஆர்கன் ஒலி முதுகைச் சிலிர்க்க வைக்கும்.

கே: ரெகேயின் 'டப்' வகையைக் கேட்டால் பாழடைந்த வீட்டுக்குள் நடப்பது போல இருக்கிறதே, ஏன்?

ப: ஆட்களை வெளியே அனுப்பிவிட்டார்கள், அதனால்தான்! ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்த்த கிங் டப்பி, 1970-களில் பதிவான பாட்டிலிருந்து பாடகரின் குரலை இறக்கிவிட்டார். ஓரிரு சொல் மட்டும் எதிரொலியில் வந்து மறையும். மிஞ்சுவது டிரம்ஸும் பேஸும். அகஸ்டஸ் பாப்லோவோடு அவர் சேர்ந்த 'கிங் டப்பீஸ் மீட்ஸ் ராக்கர்ஸ் அப்டவுன்' கேளுங்கள். பள்ளிப் பிள்ளைகள் ஊதும் மெலோடிகா அதில் அப்படி அழும். தயவுசெய்து செல்போன் ஸ்பீக்கரில் வேண்டாம், பேஸ் காதுக்கே வராது.