மெஷினுக்குப் புரியாத உகரம்

ஸ்காபரோ, கனடா

அன்புள்ள அத்தானுக்கு,

"எம்.காம். படிச்சவனுக்குக் கனடாவுல போயி இங்கிலீஷ் டியூஷனா?" என்று நீங்கள் சிரித்ததாக அக்கா போனில் சொன்னாள். சிரியுங்கள். ஆனால் நடந்ததைக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

வீடு மாறினோம் அல்லவா, புது முகவரியைச் சொல்ல இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போட்டேன். எடுத்தது மெஷின். என்ன வேண்டும், சுருக்கமாகச் சொல் என்றது. "ஐ மூவ்டு" என்றேன். "மூவியா? நல்லது" என்று சினிமா பேக்கேஜ் விலைகளை வாசிக்க ஆரம்பித்துவிட்டது. "மூவ்டு! மூவ்டு!" என்று கத்தினேன். இவனுக்குச் சினிமா ஆசை அதிகம் என்று நினைத்ததோ என்னவோ, குடும்ப பேக்கேஜுக்குத் தாவியது.

அதனால்தான் லிங்க் என்னும் இந்த இங்கிலீஷ் வகுப்பு. புதிதாகக் குடியேறியவர்களுக்காக அரசாங்கம் 1992 முதல் நடத்துவது. காசு கிடையாது, எனவே டியூஷன் என்று ஊரில் சொல்லி என் மானத்தை வாங்காதீர்கள்.

இறந்தகாலத்துக்கு 'ஈடி' போட வேண்டும் என்று ஆறாம் வகுப்பிலேயே தெரியும். அந்த ஈடிக்கு மூன்று வாய் உண்டு என்பதை எவரும் சொல்லவில்லை. 'ஸ்டாப்', 'வாஷ்' போல வெறும் மூச்சில் முடிகிற வினைக்குப் பிறகு பட்டத்தில் வரும் வல்லிய ட். 'ஓபன்', 'மூவ்' போலத் தொண்டை அதிர முடிகிறதற்குப் பிறகு பாடத்தில் வரும் இளகிய ட். 'வான்ட்', 'நீட்' என்று ஏற்கெனவே ட்-இல் முடிந்திருந்தால் மட்டும் 'இட்'. அதிர்வு தெரிய வேண்டும் என்று டீச்சர் எல்லாரையும் தொண்டையில் கை வைக்கச் சொல்கிறார். சீனாக்காரர், சிரியாக்காரர், நான் என்று வகுப்பே குரல்வளையைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், வராந்தாவில் போகிறவன் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிடுவான்.

வீட்டுப்பாடத்துக்கு ஓர் ஆப். நாம் சொல்வதைக் கேட்டு ஒவ்வொரு ஒலிக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு காட்டும். என் 'வாஷ்டு'க்குக் கடைசியில் சிவப்பாக ஒரு வால் முளைக்கிறது. அந்த வால்தான் என் உகரம். அதை வெட்ட வேண்டும் என்று ராத்திரி ஹாலில் நடந்துகொண்டே "ஐ வாஷ்ட், ஐ குக்ட், ஐ க்ளீன்ட்" என்று ஜெபிக்கிறேன். "எல்லாம் வாயாலதான்" என்று அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரி பதில் சொல்கிறாள். ஒருநாள் நான் வாயைத் திறப்பதற்குள் குக்கர் விசில் அடித்தது. ஆப் அதற்குப் பச்சை காட்டி, 'எக்ஸலண்ட்' என்றும் போட்டது! எம்.காம். தோற்றது, பிரஷர் குக்கர் பாஸ்.

பக்கத்து நாற்காலி யாழ்ப்பாணத்து அண்ணருக்கு இந்தத் தொல்லை பாதிதான்; ட் சிக்கல் இல்லை. நம் ட் நாக்கை மடக்கி அண்ணத்தைத் தொடும். இங்கிலீஷ் ட் மேல்பல்லுக்குப் பின்னால் ஈறோடு நின்றுவிடும். யாழ்ப்பாணத்தார் 'வெற்றி' என்று சொல்லும்போது நாக்கு ஏறக்குறைய அங்கேதான் நிற்கிறது. டொரண்டோ என்னும் இந்த ஊர்ப் பெயரையே ரொறன்ரோ என்றுதான் எழுதுகிறார்கள்.

ஒரு வயிற்றெரிச்சலும் உண்டு. 'ஆஸ்க்ட்' என்பதில் ஸ், க், ட் மூன்றும் கேட்க வேண்டும் என்று ஆப் அடம் பிடிக்கிறது. இங்கே பிறந்தவர்களோ பேச்சு வேகத்தில் 'ஆஸ்ட்' என்று ககரத்தை விட்டுவிட்டுப் போகிறார்கள். அவர்கள் விழுங்கினால் சரளம். நான் விழுங்கினால் சிவப்பு.

நம் ஊர் இங்கிலீஷ் சார் 'வாக்கெட்', 'லுக்கெட்' என்று சொல்லிக்கொடுத்ததை நினைத்துச் சிரித்திருக்கிறேன். இனிச் சிரிக்க மாட்டேன். இங்கிலீஷ்காரர்களே ஒரு காலத்தில் அந்த எகரத்தை ஒலித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அதை விழுங்கி மெய்களை மோதவிடுகிறார்களே என்று கலிவர் கதை எழுதிய ஜோனதன் ஸ்விஃப்ட் 1712இல் அச்சிலேயே புலம்பியிருக்கிறார். சார் தப்பாகச் சொல்லவில்லை. முந்நூறு வருஷம் தாமதமாகச் சொன்னார்.

இப்போது நீங்கள் நிமிர்ந்து உட்காரலாம். தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது, அதனால்தான் 'லேட்'கூட நம் வாயில் 'லேட்டு' ஆகிறது என்பது உங்கள் பாடம். குற்றியலுகரத்துக்குப் பின் உயிர் வந்தால் உகரம் கழன்றுகொள்ளும், 'நாடு' 'இல்லை' சேர்ந்து 'நாடில்லை' ஆகும் என்பதும் உங்கள் பாடம். அதே வித்தையை ஆப்பிடம் காட்டினேன். 'ஓபன்டு' என்று தனியாகச் சொன்னால் சிவப்பு. 'ஓபன்டு', 'இட்' இரண்டையும் புணர்த்தி 'ஓபன்டிட்' என்றால் முழுப் பச்சை. எங்கே கற்றாய் என்று டீச்சர் கேட்டார். எங்கள் அத்தான், தமிழ் வாத்தியார் என்றேன். ஆன்லைனில் வகுப்பு எடுப்பாரா என்கிறார்.

ஆனாலும் அத்தான், காலையிலிருந்து உகரத்தை அடக்கி அடக்கி வாய் வலிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போனில் அக்காவிடம்தான் பஸ்ஸு, ஆபீஸு, லேட்டு என்று மனம்போல் விட முடிகிறது. அன்றைக்கு அவள் சீக்கிரம் வைத்துவிட்டால் அந்த வாரம் சரியாக ஓடுவதில்லை.

சின்னவன் ஐஈஎல்டிஎஸ் கோச்சிங்குக்குப் பணம் கேட்பதாகக் கேள்விப்பட்டேன். உடனே கட்டிவிடாதீர்கள். முதலில் நன்னூலில் குற்றியலுகரத்தை முடிக்கட்டும். பிறகு கோச்சிங்கைப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்